ஒரு சொட்டு பிளாஸ்டிக் கிடையாது

என் கணவர் லாசரோவின் வண்டியை நீங்கள் பார்த்ததில்லை என்றால் நல்லது, உங்கள் காதுகள் பிழைத்தன. நாற்பத்தெட்டாம் வருஷத்து ஷெவர்லே. கருந்திராட்சை நிறம். பின்பக்கம் கூன் விழுந்த மாதிரி சரிந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை சான் பெர்னார்தினோ பூங்காவில் பழைய வண்டிக்காரர்கள் கூடும்போது யாராவது அதன் பக்கத்தில் வந்து நின்றால் போதும், லாசரோ விரலை மடக்கிப் பின் மட்கார்டில் இரண்டு தட்டு தட்டுவார். "கேட்டீங்களா? ஈயம். ஒரு சொட்டு பிளாஸ்டிக் கிடையாது" என்பார். வந்தவர் தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் மறுபடி தட்டுவார்.

இந்த ஈயக் கதையை எங்கள் பெண் பிறந்த வருஷத்திலிருந்து கேட்கிறேன். அந்தக் காலத்தில் வண்டி உடம்பில் நசுங்கல் இருந்தாலும், இரண்டு தகடு சேரும் இடம் தெரிந்தாலும், ஈயத்தைச் சூட்டில் இளக்கி, மரக்கரண்டியால் வழித்து, அரத்தால் ராவி மட்டம் பண்ணுவார்கள். பிறகு டப்பாவில் பிளாஸ்டிக் பட்டி வந்தது. குழைத்து அப்பி, காய்ந்ததும் தேய்த்தால் முடிந்தது. லாசரோவைப் பொறுத்தவரை முதலாவது கைவேலை, இரண்டாவது திருட்டு. பட்டி இரண்டு மழைக்கு வெடிக்கும், மூன்றாவது மழைக்கு உதிரும் என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சொல்வார். எங்கள் ஊரில் மழை எங்கே பெய்கிறது என்று நான் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டேன்.

கோளாறு என்னவென்றால், என் அண்ணன் சேமாவுக்குப் பிழைப்பே பட்டிதான். இடிபட்ட கார்களைச் சரி செய்யும் பட்டறையில் வேலை. அதனால் என் வீட்டில் அவனுக்கு டப்பாக்காரன் என்று பெயர். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் உட்கார்ந்து, சோளமாவுக்குள் கறி வைத்துத் தோகையில் சுற்றி அவித்த தமாலே சாப்பிடும்போது, "மச்சானுக்கு ரெண்டு கூட வைங்க, உள்ள கறி இருக்கா பட்டி இருக்கான்னு அவர்தான் கண்டுபிடிப்பார்" என்பார் லாசரோ. ஒவ்வொரு வருஷமும் இதே பேச்சு. சேமா சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்துப் பிரிப்பான். அவன் சிரிப்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கும். ஒரு தடவையாவது திருப்பிக் கொடுத்தால் என்ன?

என் மகள் மாரிசேலாவுக்கு இந்த மே மாதம் பதினைந்து நிறைந்தது. பெண்ணுக்குப் பதினைந்து நிறைந்தால் எங்கள் வழக்கப்படி கோயிலில் பூசை, மண்டபத்தில் நடனம், கல்யாணத்துக்குக் குறையாத அமர்க்களம். பூசைக்கு அப்பாவின் ஷெவர்லேயில்தான் போக வேண்டும், சேமா மாமாதான் ஓட்ட வேண்டும் என்று ஏழு வயதிலேயே சொல்லி வைத்துவிட்டாள். சேமா அவளுக்குத் தாய்மாமன் மட்டுமில்லை, ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தகப்பனும்கூட. அந்த ஸ்டீயரிங்கை லாசரோவைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை, நான் உட்பட. இருந்தாலும் லாசரோ பெண்ணுக்காகச் சரி என்றிருந்தார்.

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சேமா தன் பிக்கப்பில் நாற்காலிகள் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினான். சற்று நேரத்தில் லாசரோ ஷெவர்லேயில் வந்தார். பிக்கப்புக்குப் பக்கத்தில் வேண்டிய இடம் இருந்தது. ஆனால் பிக்கப்பின் மேலிருக்கும் பட்டித் தூசு பறந்து தன் வண்டியில் ஒட்டிவிடுமாம். அதற்காக ஒதுங்கி, வளைத்து, ரிவர்ஸில் வந்தவர், கேட் தூணில் கொண்டுபோய் இடித்தார். பின் மட்கார்டில், உடம்போடு அது சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உள்ளே போய்விட்டது.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சேமா குனிந்து பார்த்தான். ஆறுதலாகத்தான் சொன்னான், இரண்டு நாள் வேலை, பின்னாலிருந்து தட்டி எடுத்து, கொஞ்சம் பட்டி வைத்துத் தேய்த்து, நானே கலர் அடித்துத் தருகிறேன் என்று. லாசரோவுக்கு முகம் சிவந்துவிட்டது. நீ பிக்கப்பை இங்கே நிறுத்தியதால்தான் இதெல்லாம் என்று ஆரம்பித்தார். தூண் என்ன நகர்ந்து வந்ததா என்று நான் கேட்டேன். அது அவர் காதில் விழவில்லை. நாற்காலி இறக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

"இந்த வண்டியில பிளாஸ்டிக் ஒட்டுச்சுன்னா என் மக அதுல ஏற மாட்டா. என் தாய் மேல சத்தியம். நீயும் ஸ்டீயரிங் பக்கம் வரவேண்டாம்."

சேமா மிச்ச நாற்காலிகளையும் இறக்கி அடுக்கி வைத்துவிட்டுப் போனான். மாரிசேலா ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை, கத்தவில்லை. மாமா ஓட்டவில்லை என்றால் நான் நடந்தே போகிறேன் என்றாள். அவளுடைய கவுன் எங்கள் வீட்டுக் கதவுக்குள் நேராக நுழையாது, பக்கவாட்டில்தான் நுழையும். அதை மாட்டிக்கொண்டு பேஸ்லைன் தெருவில் மைல் கணக்காக நடப்பாளாம். அவள் சொன்னால் செய்வாள். அப்பன் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது.

இதற்கு மேல் கேளுங்கள். ஈயம் ஈயம் என்று பதினைந்து வருஷம் என் உயிரை வாங்கிய மனிதருக்கு ஈய வேலை தெரியாது. ஒரு நாள்கூட அதற்குத் தீ ஊதும் காஸ் டார்ச்சைக் கையில் பிடித்ததில்லை. அந்த வேலை தெரிந்த ஒருவர் ஃப்ரெஸ்னோவில் இருக்கிறார், ஜூலை வரை கை ஒழியாது என்றுவிட்டார். உடனே என் வீட்டுக்காரர் பொமோனா சந்தைக்குப் போய் ஈயக் குச்சிகள், அரம், மரக்கரண்டி, காஸ் டார்ச் எல்லாம் வாங்கி வந்து வாசலில் கடை பரப்பினார். எனக்குத் தெரியாததா, பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் என்றார். எதைப் பார்த்து வளர்ந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அப்பா ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்.

நசுங்கலை எப்படியோ பின்பக்கத்திலிருந்து தட்டி அரைகுறையாக வெளியே கொண்டுவந்தார். சுற்றிலும் பெயிண்டைச் சுரண்டி இரும்பைக் காட்டினார். பிறகு சூடு வைத்து ஈயத்தைத் தேய்த்தார். சூடு குறைந்தால் ஈயம் மணல் மாதிரி உதிர்ந்தது. கூடினால் பாயசம் மாதிரி வழிந்து தரையில் சொட்டியது. நடுவில் ஒரு பதம் இருக்கிறதாம், வெண்ணெய் மாதிரி நிற்குமாம். அந்தப் பதம் எங்கள் வாசலுக்கு வரவேயில்லை. தினமும் வேலையிலிருந்து வந்ததும் மூன்று குச்சி தரைக்கு, அரைக் குச்சி வண்டிக்கு. மறுநாள் அதையும் சுரண்டிப் போட்டு மறுபடி முதலிலிருந்து.

நானோ விஷத்தூள் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாதே என்று வாசலிலேயே சட்டையைக் கழற்ற வைத்து, குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட வைத்து, அவர் துணியைத் தனியாகத் துவைத்துக்கொண்டிருந்தேன். இதற்கிடையில் மண்டபக்காரன், கேக், பூசைக்கு மாரிசேலாவின் துணையாக வரும் பதினான்கு பிள்ளைகளின் உடை. ஒரு நாள் பாதிரியார் போன் செய்து ஒத்திகைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். ஈயம் சாமி என்றேன். அவர் பாவம், ஏதோ நோய் என்று நினைத்து ஜெபிப்பதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை. விழா சனிக்கிழமை. லாசரோ அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சூடு போதவில்லை, அதுதான் விஷயம் என்று கண்டுபிடித்திருந்தார். அதுவரை நசுங்கலின் நடுவில் மட்டும் சூடு வைத்தவர், இப்போது டார்ச்சை மேலே, மட்கார்டு உடம்போடு சேரும் அந்த வளைவு வரை கொண்டுபோனார். அங்கே தட்டித்தான் எல்லோருக்கும் ஈயத்தைக் கேட்க வைப்பார். நான் ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பெயிண்ட் கொப்புளம் விட்டது. அது எதிர்பார்த்ததுதான். அதன் பிறகு வந்த புகைதான் வேறு மாதிரி இருந்தது.

அந்த நாற்றம் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் என் அண்ணனின் சட்டைகளைத் துவைத்தவள் நான்.

"லாசரோ, நிறுத்துங்க" என்றேன். அவர் நிறுத்தவில்லை, இன்னும் உருகவில்லையே என்றார். உருகாது. அது கருகியது. ஓரம் சுருண்டு, விரல் தடிமனில் ஒரு பாளம் பெயர்ந்து சிமெண்டில் விழுந்து இரண்டாக உடைந்தது. உள்ளே பல்லீறு மாதிரி ரோஸ் நிறப் பட்டி. நான் போய் காஸை மூடினேன்.

அவர் குனிந்து எடுத்தார். சூடு சுட்டது, கீழே போட்டார், மறுபடி எடுத்தார். பிறகு எழுந்து வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு இடமாகத் தட்டினார். இந்த மட்கார்டு, அந்த மட்கார்டு, டிக்கியின் ஓரம். காதை வைத்துக் கேட்டார். பதினைந்து வருஷமாக ஈயம் என்று கேட்ட அதே சத்தம்தான், எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது போலிருக்கிறது. கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்தார். வண்டியை விற்ற பல்தசார் ஏமாற்றிவிட்டான் என்றார். பல்தசார் செத்து எட்டு வருஷம். பிறகு, சத்தியம் பண்ணிவிட்டேனே, இனி மாரிசேலா இதில் ஏறக் கூடாது, வாடகைக்கு ஒரு வெள்ளை லிமோசின் சொல்லு என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மரக்கரண்டியை எடுத்து அவர் தலையிலேயே போட்டிருப்பேன். அண்ணனைத் துரத்தியாயிற்று, பெண்ணை அழாமல் அழ வைத்தாயிற்று, என் வாசல் முழுக்க ஈயம் உறைந்து கிடக்கிறது, எல்லாம் இல்லாத ஒன்றைக் காப்பாற்ற. எங்கள் வேனை எடுத்துக்கொண்டு நேராகச் சேமாவின் பட்டறைக்குப் போனேன்.

சாப்பாட்டு நேரம். பட்டறைக்குப் பின்னால் தகர நிழலில் உட்கார்ந்து பர்ரீட்டோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வண்டி முழுக்கப் பட்டிதான் அண்ணா என்று சொன்னேன். ஆச்சரியப்படுவான், குறைந்தபட்சம் ஒரு தடவை வாய்விட்டுச் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் மென்றுகொண்டே, "எவ்வளவு தூரம் பேந்துச்சு?" என்று கேட்டான்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"வாங்கிட்டு வந்த அன்னைக்கே. வெயில்ல சாச்சுப் பாத்தா மேடு பள்ளம் தெரியுமே. நான் தினம் அதத்தானே பாக்குறேன்."

ஏன் சொல்லவில்லை என்று நான் கிட்டத்தட்டக் கத்தினேன். பட்டறைக்குள் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். சேமா பர்ரீட்டோவைத் தாளில் சுற்றி வைத்தான்.

"ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் அது. மாப்ள ஒரு கையில மாரிசேலாவ வெச்சிருந்தான், இன்னொரு கைய மட்கார்டு மேல வெச்சிருந்தான். என்னைப் பாத்து, எல்லாம் ஈயம் மச்சான்னு சொன்னான். அந்த மூஞ்சியப் பாத்துட்டு நான் என்னத்த சொல்றது?"

"எனக்காவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்கிட்ட சொன்னா? மொத சண்டையிலயே எடுத்து அவன் மேல வீசியிருப்ப."

அது உண்மைதான். அதனால் கோபம் இன்னும் கூடியது. ஒருவர் தெரியாமல் பேசினார், ஒருவன் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தான். நடுவில் நான் ஒருத்தி இருவருக்கும் சமாதானம் பண்ணியே கிழவியாகிக்கொண்டிருக்கிறேன். அதையெல்லாம் அங்கேயே நின்று அவனிடம் கொட்டினேன். அவன் கேட்டுக்கொண்டான். கடைசியில், வண்டியைக் கொண்டுவரச் சொல், ராத்திரி வேலை பார்த்தால் நாளைக்குக் கலர் அடிக்கலாம் என்றான். அவராகக் கொண்டுவந்தால்தான், நான் கேட்டு வாங்கமாட்டேன் என்றும் சொன்னான். அண்ணனுக்கும் கொஞ்சம் ரோஷம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது லாசரோ இன்னும் வாளி மேல்தான் இருந்தார். பக்கத்தில் மாரிசேலா தரையில் உட்கார்ந்து உறைந்த ஈயத் துளிகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தொடாதே, போய்க் கை கழுவு என்று அவளை உள்ளே விரட்டினேன். பிறகு அவரிடம் சேமா சொன்னதைச் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. குழந்தை, கை, மட்கார்டு, எல்லாம்.

பல்தசார் ஏமாற்றியதற்கு வாளி மேல் உட்கார்ந்தவர், இதற்கு எழுந்து நின்றார்.

"நான் அவன டப்பாக்காரன்னு சொன்னப்பல்லாமா தெரியும்?"

"எல்லாப்பவும்."

"கிறிஸ்துமஸ்ல?"

"எல்லாக் கிறிஸ்துமஸ்லயும்."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். கருகிய பிளாஸ்டிக் விரல்களில் ஒட்டியிருந்தது. உள்ளே போகவில்லை, சட்டை மாற்றவில்லை. உடைந்த பாளத்தின் இரண்டு துண்டையும் பொறுக்கிப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். மத்தியான வெயிலில், பின்னால் ரோஸ் ஈறு தெரிய, ஞாயிற்றுக்கிழமைப் பூங்காக்காரர்கள் எல்லோரும் வசிக்கும் மவுண்ட் வெர்னன் தெரு வழியாக. சுற்று வழி ஒன்று இருக்கிறது. அதில் போகவில்லை.

பட்டறையில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, இரண்டு பேரும் சொல்லவில்லை. சேமாவின் மனைவி மட்டும் சொன்னாள், சாப்பாடு கொண்டுபோனபோது லாசரோ தரையில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாராம், சேமா அப்படியில்லை மாப்ளே, குறுக்கால தேய் என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் விடிந்தால் வெள்ளிக்கிழமை, ஐஸ் பெட்டிகளைத் தூக்க வீட்டில் ஓர் ஆண்பிள்ளை இல்லை.

சனிக்கிழமை காலை ஷெவர்லே வாசலில் நின்றது. நான் நசுங்கிய இடத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. சத்தியம், லிமோசின் என்ற பேச்சை லாசரோ அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. மாரிசேலா பக்கவாட்டில் கதவைத் தாண்டி, பக்கவாட்டிலேயே வண்டியில் நுழைந்தாள். கவுனின் நீலத் துணி ஜன்னல் வரை எழும்பி நின்றது. சேமா கோட் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தான். எங்கள் வேன் பின்னால் போனது.

கோயில் வாசலில் பூங்காக்காரர்கள் தங்கள் வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்துக் காத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ருதிலியோ. அவர் வழக்கம்போல ஷெவர்லேயைச் சுற்றி வந்து, "என்ன லாசரோ, எல்லாம் ஈயம்தானே?" என்று கேட்டார். அது கேள்வியே இல்லை, வணக்கம் சொல்வது மாதிரி.

லாசரோ கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். "இல்ல. பிளாஸ்டிக். முழுக்க."

ருதிலியோ சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். லாசரோ மறுபடி சொன்னார். ருதிலியோ விரலை மடக்கி மட்கார்டில் இரண்டு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்டு, எங்கிட்டயே வெளயாடுறியா, இது ஈயம், நீதானே எனக்குக் கேக்கக் கத்துக்குடுத்த என்றார். தூணில் இடித்த இடத்தில் மட்டும் வேண்டுமானால் பட்டி இருக்கலாம், மற்றதெல்லாம் ஈயம் என்று அவரே தீர்ப்பும் சொன்னார். பிறகு ஜன்னலில் குனிந்து, நீ சொல்லு டப்பாக்காரா, உன் மாப்ளைக்கு என்ன ஆச்சு என்று சேமாவைக் கேட்டார்.

சேமா கண்ணாடி வழியாக லாசரோவின் முகத்தைப் பார்த்தான். "எனக்கென்ன தெரியும்? நான் பட்டி ஆளு. ஈயம் மாப்ளைக்குத்தான் தெரியும்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். திருந்தவே மாட்டான். கோயில் மணி அடித்தது. பாதிரியார் படியில் நின்று என்னைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

அப்போது லாசரோ பாக்கெட்டிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தார். அந்த வண்டியில் சாய்ந்தால்கூடத் துடைப்பவர் அவர். தூணில் இடிக்காத பக்கத்துக்கு, சேமாவின் கையே படாத மட்கார்டுக்குப் போனார். சாவியை அழுத்தி ஒரு விரல் நீளத்துக்கு இழுத்தார். கருந்திராட்சை நிறத்துக்கு நடுவில் ரோஸ் கோடு. ருதிலியோ கண்ணாடியை மூக்கில் ஏற்றிக் குனிந்து பார்த்தார்.

"இது எவனோ போட்டது" என்றார் லாசரோ. பிறகு எல்லோரையும் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மறுபக்கம் கூட்டிப்போனார். "இது எம் மச்சான் போட்டது. தடவிப் பாருங்க. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு ஒருத்தன் சொல்லுங்க பாப்போம்."

ஒவ்வொருவராகத் தடவினார்கள். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. சேமா ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் சிரிக்காததை நான் அன்றுதான் பார்த்தேன். பின் சீட்டிலிருந்து மாரிசேலா கையை நீட்டி அவன் தோளில் வைத்தாள். "அப்பா, பூசை" என்றாள். ருதிலியோ அதற்குள் நான்காவது தடவையாகத் தடவிக்கொண்டிருந்தார்.

பூசைக்கு இருபது நிமிஷம் தாமதம். அந்தக் கீறல் எல்லா போட்டோவிலும் இருக்கிறது. சரி பண்ணித் தருகிறேன் என்று சேமா எத்தனையோ தடவை கேட்டுவிட்டான், லாசரோ விடுவதில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் வந்து நிற்பவர்களின் கையைப் பிடித்து முதலில் கீறலில் வைக்கிறார். அப்புறம் அடுத்த பக்கம் கூட்டிப்போகிறார். ஈயக் கதைக்கு முன்பெல்லாம் அரை மணி நேரம்தான் ஆகும், இந்தப் பட்டிக் கதைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.